பாத்திமாவின் கடல்பாசிக் குழாய்

1

இந்த ஊரில் ஒரு வழக்கம். பிறந்தநாளோ, வேலையில் சேர்ந்த நாளோ, யாருக்கு விசேஷமோ அவரே கேக் கொண்டுவர வேண்டும். நம் ஊரில் ஸ்வீட் பாக்ஸை நீட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். இங்கே கேக்கை நாமே வெட்டி, ஆளுக்கொரு தட்டில் வைத்து, எல்லோரும் தின்று முடித்ததும் தட்டுகளையும் நாமே கழுவி வைக்க வேண்டும். கடைசித் தட்டைத் துடைக்கும்போது விசேஷம் யாருக்கு என்பதே மறந்துவிடும்.

நான் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த நாள் நவம்பரில் வரும். இரண்டாயிரத்து ஏழு நவம்பரிலும் ஒரு ஆப்பிள் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஆய்வகத்தில் எல்லோரும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். புரொபசர் இரண்டு எடுத்துக்கொண்டார். பிறகு கையிலிருந்த அச்சுத்தாள்களை என் மேசைமேல் வைத்து, "இந்த ஊர் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டு, ஒரு பெயரைச் சொல்ல முயன்றார். பாதியிலேயே கைவிட்டுச் சிரித்தார். குனிந்து பார்த்தேன். காட்டாங்குளத்தூர்.

அதற்கு மேலே, கட்டுரை எழுதியவர்களில் முதல் பெயராக, பாத்திமா.

"தெரியும்," என்றேன். "எங்கள் வீட்டிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் போகலாம்."

அந்தப் பாத்திமாவையும் தெரியும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், என்னை ஏர்போர்ட்டில் கொண்டுவந்து விட்டவள் என்றெல்லாம் சொல்லவில்லை. தோழி பெயர் அச்சில் வந்தால் பெருமைப்பட வேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது. அன்று தட்டு கழுவும்போது ஒன்று உடைந்தது. அதுவாக உடையவில்லை.

2

என் வேலை என்ன என்று அம்மா ஒருமுறை போனில் கேட்டார். நம் மூளையே கொஞ்சம் கந்தக வாயு தயாரிக்கிறது, நரம்புகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள அதுவும் உதவுகிறது என்று நினைக்கிறார்கள், அது எவ்வளவு என்று அளக்கிற கருவியைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்றேன்.

"கந்தக வாயுன்னா?"

"அழுகின முட்டை நாத்தம் வருமே, அதும்மா."

அம்மா, "அதுக்கு அவ்ளோ தூரம் போகணுமா? நாகல்கேணி பக்கம் போனா போதுமேடி," என்றார்.

குரோம்பேட்டையில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். நாகல்கேணித் தோல் பதனிடும் கூடங்களில் தோலிலிருந்து முடியை எடுக்கச் சல்பைடு போட்டு ஊறவைப்பார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் சன்னலைச் சாத்துவோம். அந்தக் காற்றுக்கு வெள்ளி என்றால் பிடிக்காது. அம்மாவின் வெள்ளி விளக்கு, குங்குமச் சிமிழ், என் கொலுசு எல்லாம் கறுத்துப்போகும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவோம். அடுத்த வெள்ளிக்குள் மறுபடி கறுக்கும்.

கருவியையும் சொல்லிவிடுகிறேன், கஷ்டமில்லை. முடியைவிட மெல்லிய ஒரு பிளாட்டினக் கம்பி. அதன் நுனியில் ஒரு என்சைம் பூச்சு. அந்தப் பூச்சு வேலை செய்கிறவரை கம்பியில் துளி மின்சாரம் ஓடும். கந்தக வாயு வந்து தொட்டால் என்சைம் சுணங்கும், மின்சாரம் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் வாயு எவ்வளவு என்று தெரியும். ஆனால் இறங்கியதை எதோடு ஒப்பிடுவது? அதற்கு இன்னொரு கம்பி வேண்டும், மாறாமல் நிற்கிற கம்பி. தராசுக்கு எடைக்கல் மாதிரி. அது வெள்ளியில் செய்தது.

சிக்கல் இப்போது தெரிந்திருக்கும். எந்த வாயுவை அளக்க வேண்டுமோ அதே வாயு எடைக்கல்லைக் கறுக்க வைக்கிறது. எலியின் மூளைச் சீவலைக் கிண்ணத்தில் வைத்து இரண்டு கம்பிகளையும் இறக்கினால், முதல் பத்து நிமிஷம் ஒழுங்காக இருக்கும். அதன் பிறகு கணினித் திரையில் கோடு தன் பாட்டுக்குச் சரியத் தொடங்கும். சரிவது மூளையாலா, வெள்ளியாலா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் வெள்ளியைத் தேய்த்தேன், பூச்சு போட்டேன், பூச்சின் மேல் இன்னொரு பூச்சு போட்டேன். வருஷக்கணக்கில் இதுதான் என் பிழைப்பு. வேலை ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. ஒப்பந்தம் முடிந்தால் விசாவும் முடியும்.

புரொபசர் வைத்துவிட்டுப்போன கட்டுரையை அன்று மாலை பஸ்ஸில் படித்தேன். பாத்திமா வெள்ளியைத் தேய்க்கவே இல்லை. அதை மூளை இருக்கும் கிண்ணத்திலிருந்து எடுத்துத் தூரத்தில் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டாள். இரண்டு கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் உப்புக் கலந்து உறையவைத்த கடல்பாசி. மின்சாரம் போகும், வாயு போய்ச் சேராது. கோடு மணிக்கணக்கில் ஆடாமல் நின்றிருந்தது.

3

அந்தக் குழாய் எனக்குப் புதிதில்லை. அதுதான் ஆத்திரம்.

தாம்பரத்தில் நாங்கள் படித்த கல்லூரியில் உப்புப் பாலம் என்று ஒரு செய்முறை உண்டு. இதே வளைந்த குழாய், இதே கடல்பாசி. ஆய்வகத்தில் அதை அகர் என்பார்கள், சில வீடுகளில் சைனா கிராஸ் என்பார்கள். எங்கள் முறை வந்த வாரம் அகர் தீர்ந்துவிட்டது. ரம்ஜான் மாதம். "எங்க வீட்ல டப்பா டப்பாவா இருக்குடி, நான் எடுத்தாரேன்," என்றாள் பாத்திமா. மறுநாள் தூக்குவாளியோடு வந்தாள். திறந்தால் ரோஸ் நிறத்தில் கெட்டியாக ஆடிக்கொண்டிருந்தது. நோன்பு திறக்கச் செய்ததில் சர்க்கரை போடுவதற்கு முன் கொஞ்சம் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா, படிக்கிற பிள்ளைகள் கையால் தொடுகிற பொருள், நன்றாக இருக்கட்டும் என்று ரோஸ் எசன்ஸைச் சேர்த்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் அதையே உப்போடு காய்ச்சிக் குழாயில் ஊற்றினோம். மேடம் வந்து பார்த்தார்கள்.

"இது பாலமா, பலகாரமா?"

"முள்ளு நகருது மேடம்," என்றாள் பாத்திமா. மீட்டரில் முள் நிஜமாகவே நகர்ந்தது. மேடம் மார்க் போட்டார்கள்.

அவள் அப்பாவுக்கு நாகல்கேணித் தோல் கூடத்தில் சூப்பர்வைசர் வேலை. எங்களுக்குக் காற்றில் வந்த வாடை அவர்களுக்குச் சட்டையிலேயே வந்தது. ஆனால் அவர்கள் வீட்டில் வெள்ளியைத் தேய்த்து நான் பார்த்ததில்லை. பாத்திமாவின் அம்மா கொலுசைக் கழற்றினால் துணியில் சுற்றி, பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி உள்ளறையில் வைத்துவிடுவார். "சும்மா சும்மா தேச்சா வெள்ளி தேஞ்சுதானே போவும்," என்பார்.

எங்கள் வீட்டில் தேய்ப்போம். அவர்கள் வீட்டில் எடுத்து வைப்பார்கள். கடல் கடந்து வந்தும், முனைவர் பட்டம் வாங்கியும், நான் வெள்ளிக்கிழமைக் குளியலறையில் விபூதி தேய்த்த அதே பெண்ணாகவே இருந்திருக்கிறேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

படிப்பு முடிந்ததும் இருவரும்தான் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தோம். எனக்கு அழைப்பு வந்தது. அவளுக்கு வந்த சமயம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, தாம்பரத்திலேயே தங்கிவிட்டாள். மீனம்பாக்கத்தில் என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவளைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. நல்ல மூளை, வீணாகப் போகப்போகிறது என்று நினைத்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை போன் கார்டைச் சுரண்டி அம்மாவுக்குப் பேசுவது வழக்கம். அந்த ஞாயிறு எடுத்தது பாத்திமா.

"உமாவா? இருடி, அம்மா மொட்டை மாடில துணி எடுக்கறாங்க."

"எந்த அம்மா?"

"என்னடி எந்த அம்மா? உங்க அம்மாதான்."

முன்பெல்லாம் அவளுக்கு என் அம்மா ஆன்ட்டி. எப்போது மாறியது? அப்பா போன பிறகு அம்மா குரோம்பேட்டையில் தனியாக இருக்கிறார். ரிட்டையர்டு ஆசிரியை. பாத்திமாவின் மகள் ஆயிஷா பள்ளிவிட்டு எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள், அம்மாவிடம் எழுதப் படிக்கிறாள். காட்டாங்குளத்தூரிலிருந்து வரும்போது பாத்திமா குரோம்பேட்டையில் இறங்கி அவளைக் கூட்டிக்கொண்டு தாம்பரம் திரும்புகிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தவரை நல்ல ஏற்பாடு என்றே இருந்தது.

"பேப்பர் பாத்தேன்," என்றேன்.

"பாத்தியா? ஒனக்கு அனுப்பணும்னு நெனச்சுட்டே இருந்தேன், எங்க நேரம். அந்த ரோஸ் கலர் கொழா ஞாபகம் இருக்கா? அதேதான்டி. இங்க நல்ல கோட்டிங்கெல்லாம் வாங்க யாரு சாங்ஷன் பண்ணுவா? சரி, வெள்ளிய தூக்கி அந்தாண்ட வைப்போம்னு வெச்சேன்."

எதையாவது மறைத்திருந்தால் அவளைத் திட்டவாவது முடிந்திருக்கும். குழாய் எவ்வளவு அகலம், உப்பு எவ்வளவு, கடல்பாசியில் குமிழி வராமல் எப்படி ஊற்றுவது என்று எல்லாவற்றையும் சமையல் குறிப்பு மாதிரி சொன்னாள். நானும் எழுதிக்கொண்டேன்.

பிறகு அம்மா வந்தார்.

"போன வாரம் கோவளம் போனோம்டி. பாத்திமா, ஆயிஷா, நானு. பஸ்லதான். படகெல்லாம் வந்து மீன் ஏலம் போட்டாங்க. நான் தண்ணில காலு வெச்சேன்."

"நீயா?"

"ஆமா. கண்ணு சரியா தெரியல, பள்ளம் மேடு புரியல. பாத்திமா கையப் புடிச்சிக்கிட்டா."

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கடற்கரைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். மணல் ஒட்டும் என்று ஒருமுறைகூட வந்ததில்லை.

நிலாவை அழைத்துப் போனைக் கொடுத்தேன். என் மகள், ஆறு வயது, இங்கேயே பிறந்தவள். "சாப்ட்டியா கண்ணு?" என்று பாட்டி கேட்டது எனக்கே கேட்டது. நிலா ஜெர்மனில் ஒற்றை வார்த்தையில் ஆமாம் என்று சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினாள், தன் பொம்மை வீட்டுக்குப் போய்விட்டாள். மறுமுனையில் ஆயிஷா சத்தமாகத் தமிழ்ப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அம்மா சொல்லிக்கொடுத்தது, பிசகாது.

பொறாமைக்கு அளவு வேண்டாமா என்று கேட்பீர்கள். என் மகள் வயதேயான ஆயிஷாமீது பொறாமைப்பட்டேன். இருக்கிறது, என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

5

மறுநாளே குழாயைச் செய்தேன். இங்கே கண்ணாடி வளைக்கத் தனி ஆள் உண்டு, அகர் வெள்ளை வெளேரென்று டப்பாவில் வரும், ரோஸ் எசன்ஸ் கிடையாது. வெள்ளிக் கம்பியைத் தூக்கித் தனிக் கிண்ணத்தில் வைத்தேன். மூளைச் சீவலில் பிளாட்டினக் கம்பியை இறக்கினேன்.

கோடு நின்றது. அரை மணி, ஒரு மணி, சாப்பாட்டு வேளை தாண்டியும் நின்றது. சீவலைத் தூண்டியதும் ஒரு சின்ன இறக்கம், பிறகு மெதுவாகப் பழைய இடத்துக்கு ஏறியது. வெள்ளியின் கோளாறாக இருந்தால் ஏறியிருக்காது. மூளை சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்தது அந்த ஒரு இறக்கத்துக்காக. மாணவர்கள் கைதட்டினார்கள். புரொபசர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"அந்த இந்தியப் பெண்மணியின் பாலம் பிரமாதம்," என்றார்.

அவர் எதிரில் நின்றிருந்த நானும் இந்தியப் பெண்மணிதான். அன்றிலிருந்து ஆய்வகத்தில் அதற்கு 'பாத்திமா பாலம்' என்றே பெயராகிவிட்டது. "பாத்திமாவைக் கழுவி வைத்தாயா? பாத்திமாவில் குமிழி இருக்கிறதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரியில் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போனேன். என் ஜெர்மன் பெரும்பாலும் நிலாவின் மழலையர் பள்ளியில் கற்றது. குழந்தைகளோடு பேசிப் பழகிய நாக்கு. பதற்றம் வந்தால் எல்லோரையும் நீ என்று சொல்லிவிடும். அன்றும் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாளைப் பார்த்து, "நீ எனக்கு விசா நீட்டிப்பாயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்கள் புதிய ஒப்பந்தத்தோடு வாருங்கள்," என்றார். அந்த நீங்களை மட்டும் அழுத்திச் சொன்னார். "இல்லையென்றால் மார்ச்சுக்குப் பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

ஒப்பந்தத்தைக் கேட்கப் புரொபசர் அறைக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டார். ஆராய்ச்சிக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு நிதி வந்திருக்கிறது. ஆனால் ஒரே ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

"யோசனை யாருடையதோ அவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். அதுதானே நியாயம்? அவர் உங்கள் ஊர். நீங்களே பேசுங்கள். வந்தால் நமக்கு அதிர்ஷ்டம். வரவில்லை என்றால் நீங்கள் தொடரலாம்."

நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் பொறுக்கவில்லை. என் இடத்தைக் காலி செய்ய என்னையே தூது அனுப்புகிறார். என் கணவர் சேகர் சாஃப்ட்வேரில் இருக்கிறார். அவர் விசா தனி, அவர் இருக்கலாம், நான் அவர் மனைவியாக வீட்டில் இருக்கலாம். "அதுவும் ஒரு விசாதானே," என்றார் சேகர். அன்று அவருக்கு உப்பில்லாத சாம்பார்.

6

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். நிலாவுக்குச் சளி, போன் கார்டு தீர்ந்துவிட்டது, அங்கே பொங்கல், அவளுக்கு நேரமிருக்காது என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. புரொபசர் நடைபாதையில் பார்க்கும்போதெல்லாம் புருவத்தை உயர்த்தினார். கடைசியில் ஒரு மத்தியானம் காட்டாங்குளத்தூர் ஆய்வகத்துக்கே போன் செய்தேன்.

பின்னால் மின்விசிறிச் சத்தம். யாரையோ, "ஸ்டூடண்ட்ஸ், அந்தப் பெட்டிய மூடிட்டுப் போங்கப்பா," என்று அதட்டிவிட்டு வந்தாள். நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். இரண்டு வருஷம், முழுச் சம்பளம், குடும்பத்தோடு வரலாம், கண்ணாடி வளைக்கத் தனி ஆள். நல்லபடியாகத்தான் சொன்னேன். அவள் வரக்கூடாது என்று நான் நினைத்தது குரலில் தெரிந்திருக்காது என்றே நம்புகிறேன்.

"நான் வர்ல உமா."

அவ்வளவு சீக்கிரம். யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

"ஏன்டி? வீட்ல கேட்டுட்டு சொல்லேன்."

"வீட்ல கேட்டா போன்னுதான் சொல்வாரு. எனக்குதான் வேணாம். இங்க எலி ஒழுங்கா கெடைக்காது, கரண்ட் போவும், எல்லாம் பேஜாருதான். ஆனா இது என் லேப்டி. நாலு புள்ளைங்க என்ன நம்பி கீறாங்க." எங்களுக்குள் பேசும்போது மட்டும் வரும் பழைய தாம்பரம் பேச்சு அது. பிறகு குரல் தணிந்தது. "அதுவுமில்லாம பங்குனில அம்மாக்கு கண்ணு ஆபரேஷன் வெச்சிருக்கு. சொட்டு மருந்து வேளாவேளைக்கு விடணும். நான் அங்க வந்துட்டா யார் விடுவா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஒனக்கு அந்த வேலை வேணும்ல?" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். "அப்ப நீ இரு."

போனை வைத்த பிறகு சன்னலருகே நின்றிருந்தேன். வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் எப்படிக் கிடைத்தது? நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துத் தொங்குகிற ஒன்றை, பஸ்ஸில் சீட்டு விட்டுக்கொடுக்கிற மாதிரி விட்டுக்கொடுத்துவிட்டாள். அவள் கட்டுரைமீது பொறாமைப்பட்டது ஒரு மாதிரி. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இருந்த தெம்பின்மீது பட்டது வேறு மாதிரி. அந்தத் தெம்புக்கு அவளிடம் இருந்த காரணங்களில் ஒன்று என் அம்மா.

7

மார்ச்சில் புரொபசர் கையெழுத்துப் போட்டார். அலுவலகத்து அம்மாளிடம் ஒப்பந்தத்தை நீட்டி, கவனமாக நீங்கள் என்று பேசினேன். அவரும் சிரித்தபடி பாஸ்போர்ட்டில் புதிய விசாவை ஒட்டித் தந்தார். வெள்ளிக் கம்பி தனிக் கிண்ணத்தில் பத்திரமாக இருக்கிறது. கறுப்பதில்லை.

ஆபரேஷன் சமயத்தில் ஊருக்கு வருகிறேன் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். புதிய ஒப்பந்தம் தொடங்கிய முதல் மாதம், விடுப்பு கேட்க வாய் வரவில்லை. அம்மா குறைப்பட்டுக்கொள்ளவில்லை. "பாத்திமா இருக்காளே," என்றார்.

கட்டு அவிழ்த்த நாள் போன் செய்தேன். அம்மாவே எடுத்தார். குரலில் அப்படி ஓர் உற்சாகத்தை அப்பா போன பிறகு நான் கேட்டதில்லை.

"எல்லாம் பளிச்சுனு தெரியுதுடி. காலண்டர்ல தேதி தெரியுது. எதிர்வீட்டுக் கொடில காயற துணி தெரியுது. கட்டு அவுத்ததும் மொத மொதல்ல பாத்திமா மொகம்தான். பக்கத்துலயே உக்காந்திருந்தா."

"நல்லதும்மா."

"பாவம்டி, அவளுக்கு எவ்ளோ நரைச்சுப் போச்சு. இத்தனை நாளா தெனம் பாக்கறேன், எனக்குத் தெரியவே இல்ல. இந்த வயசுல அவ்ளோ நரை வரக்கூடாது. எண்ணெய் காச்சித் தரேன், தேச்சுக்கோன்னு சொல்லியிருக்கேன்."

எனக்கும் நரைத்திருக்கிறது. காதோரம் தொடங்கி உச்சிவரை. போன தடவை ஊருக்கு வந்தபோது அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே, "ஒனக்கு மட்டும் முடி இன்னும் கருகருன்னு இருக்குடி," என்று சொன்னார். அப்போதே அவர் கண்ணில் புரை மூடியிருந்தது.

"ஒனக்கு எப்படி இருக்கு முடி?" என்று அம்மா கேட்டார்.

"அப்படியேதான்மா இருக்கு," என்றேன்.